முந்தியில் பறந்தவள்

முகமூடி போட்டுக்கொண்டால் தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டே வகை. ஒன்று திருடர்கள். இன்னொன்று பதின்மூன்று வயதுப் பெண்கள். திருடர்களாவது ஒருமுறை பிடிபட்டால் தெளிந்துவிடுகிறார்கள்.

எண்பதாம் வருஷத்தை ஒட்டி ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கேதான் எனக்கு வஜ்ரலதா கிடைத்தாள். சாயம் ஒட்டாத காகிதம், பக்கத்துக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு ஆபத்து. பகலில் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவி மாட்டிக்கொண்டு "இணைக்கிறேன், சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற சாது. கம்பி வழியாக எவளோ ஒருத்தியின் அழுகுரல் கேட்டுவிட்டால் போதும், கருவியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆகாயத்தில் ஏறிவிடுவாள். முகமூடி, முதுகில் சிவப்புப் போர்வை, நீட்டிய ஒரு கை.

அவளுக்கு ஒரே ஒரு பலவீனம். தன் பெயரைத் தன் வாயால் யாரிடமாவது சொல்லிவிட்டால் பறக்கும் சக்தி போய்விடும். ஆகவே இரண்டு இதழுக்கு ஒருமுறை ஏதாவது கோபுரத்து உச்சியில் உட்கார்ந்து, "நான் யார்? பறக்கிறவளா, இணைக்கிறவளா?" என்று கண்ணீர் விடுவாள். நானும் மாடிப்படியில் உட்கார்ந்து, "நான் யார்? வஜ்ரலதாவா, எட்டாம் வகுப்பு ஆ பிரிவா?" என்று கேட்டுக்கொள்வேன். (பதில் பெரும்பாலும் கீழேயிருந்து அம்மாவின் குரலில் வரும்: "அரிசி களைஞ்சியா இல்லியா?")

அப்பா கிராப் மாஸ்டர், அதாவது சேலை டிசைனைக் கட்டத்தாளில் வரைகிறவர். பட்டுச்சேலையின் முந்தியில் அன்னமோ மயிலோ வருகிறதென்றால் அது முதலில் அப்பாவின் கட்டத்தாளில்தான் பிறக்கும். நுண்ணிய கட்டங்கள் அச்சிட்ட பெரிய தாள். பென்சிலால் உருவத்தை வரைந்து, உள்ளே வருகிற கட்டங்களை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும். அட்டை குத்துகிறவர் தாளின் ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று, சிவப்பு இருக்கும் இடத்தில் துளை போடுவார். அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை சொல்கிற இழை எழும்பும், சொல்லாத இழை படுத்திருக்கும். தாளில் ஒரு கட்டம் தப்பினால் முந்தியில் அன்னத்துக்குக் கண் பொட்டையாகிவிடும். இருபது வருஷத்தில் அப்பாவுக்கு ஒரு கட்டம் தப்பியதில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் முதலாளி அவரிடம் கல்யாணச் சேலைகளைக் கொடுத்தார். அந்தப் பெயரை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

மை நிரப்புவது என் வேலை. எங்கள் வீட்டில் கட்டம் போடாத வெள்ளைத்தாளே கிடையாதென்பதால் வஜ்ரலதாவையும் கட்டத்தாளில்தான் வரைந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மூக்கு படிக்கட்டு மாதிரி இருந்தது, போர்வை மட்டும் நிஜமாகவே காற்றில் பறந்தது. சுருட்டி, சிவப்பு நூலால் கட்டி, அலமாரியில் வைத்தேன். அப்பாவின் கிராப்புகளையும் வீட்டில் அப்படித்தான், அதே சிவப்பு நூலால், கட்டிவைப்போம். (இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.)

"அன்னம் போட்ட கிராப்பை அட்டை குத்தறவருகிட்ட ஜல்தியா குடுத்துட்டு வா. போளூர்க்காரங்க கல்யாணச் சேலை" என்றார் அப்பா. ஜல்தியாகத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு நாள் கழித்து அலமாரியில் என் வஜ்ரலதாவை ஆசையாகப் பிரித்தால், உள்ளே அன்னம். வரிசை வரிசையாக, கழுத்தை வளைத்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி அன்னம்.

அந்த நிமிஷமே ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வஜ்ரலதா அப்படிச் செய்வாளா? மாட்டாள். ரகசியமாக வந்து, ரகசியமாகக் காப்பாற்றி, ரகசியமாகப் போய்விடுவாள். விசாரித்ததில், சேலை ஏகாம்பரம் மாமாவின் தறியில் இருப்பதாகவும் உடல் நெய்து முடியப்போவதாகவும் தெரிந்தது. முந்தி கடைசியில்தான். அதற்குள் தறி ஏறி அட்டைச் சரத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டால்? அட்டை இல்லாவிட்டால் முந்தி இல்லை. முந்தி இல்லாவிட்டால் கல்யாணச் சேலையே இல்லை என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம், மாமா சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போகிற நேரம் பார்த்துப் புறப்பட்டேன். அம்மாவின் சிவப்பு உள்பாவாடையை அக்குளுக்கடியில் இறுக்கிக் கட்டி முதுகுப்பக்கம் பறக்கவிட்டேன். முகமூடிக்கு, பழுதென்று கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டை. அதில் ஏற்கெனவே நூறு துளை இருக்க, கண்ணுக்கென்று பெரிதாக இரண்டு துளை போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பொறுமை இழந்த சல்லடை ஒன்று என்னைப் பார்த்தது. எனக்கு அது ஆகாயமே இறங்கி வந்தது போலிருந்தது.

தறிக்கூடத்தில் யாரும் இல்லை. ஏறினேன். தறியின் சட்டத்தில் கால் வைத்து, தூணைப் பிடித்து, பெட்டிக்குப் பக்கத்திலிருந்த குறுக்குக் கட்டையில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து, ஒரு கையை அட்டைச் சரத்தை நோக்கி நீட்டினேன். அப்போது பின்னால் 'டர்' என்று ஒரு சத்தம். பாவாடை ஆணியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. கட்டைக்கு அந்தப் பக்கம் கால், இந்தப் பக்கம் தலை. கொடியில் காயப்போட்ட துணிகூட என்னைவிட கௌரவமாகத் தொங்கும்.

கீழே பார்த்தேன்.

மாமா சுறுசுறுப்பானவர். முந்தி ஆரம்பித்து இரண்டு வரிசை முடித்திருந்தார். அரக்குச் சிவப்பில், ஜரிகையில், குறுக்கே ஆறு வஜ்ரலதாக்கள். அதற்குக் கீழே இன்னும் ஆறு. மூக்குக்கூடப் பொன். காகிதத்தில் என் விரல் நகத்தில் ஒட்டிய மையாக இருந்தவள், வெயில் ஒரு கீற்றாக ஓட்டுச் சந்திலிருந்து இறங்க, இழைக்கு இழை மினுங்கிக்கொண்டு, பன்னிரண்டு பேராக, ஒரே திசையில், ஒரே வேகத்தில், யாரையும் கேட்காமல் பறந்துகொண்டிருந்தாள். எனக்கு மாட்டிக்கொண்டது மறந்தது. அப்பாவை மறந்தேன். பள்ளிக்கூடம், ஆரணி, என் பெயர் எல்லாம் மறந்தன. இதை நான் செய்தேன், இதை நான் செய்தேன் என்று மார்பு அடித்துக்கொண்டது. அதன்பிறகு எத்தனையோ எழுதி, அச்சில் பார்த்துவிட்டேன். அந்த அடி திரும்ப அடிக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் குரல்கள். முதலில் ஏகாம்பரம் மாமா. பின்னால் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் போளூரிலிருந்து சேலையைப் பார்க்க வந்த கல்யாணப்பெண் ரேணுகா, அவள் அம்மா. முதலாளி, "கூட்டிக்கினு போயி காட்டு" என்று அப்பாவையே அனுப்பியிருந்தார்.

நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மல்லி" என்றார் அப்பா.

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, புத்தகத்தில் வருகிற தமிழில், "அப்படி இங்கே யாரும் இல்லை" என்றேன்.

"மொதல்ல ஒங்கம்மா பாவாடைய அவுருடி" என்றார் அப்பா.

மாமா தூணில் ஏறி ஆணியிலிருந்து என்னை விடுவித்தார். "ஒரு இழை அறுந்திருக்கணும், இருக்குது ஒனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே பாவு இழைகள் முழுவதையும் தடவிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. அதற்குள் ரேணுகாவின் அம்மா தறிப்பக்கம் குனிந்திருந்தாள்.

"அன்னம்னு சொன்னீங்களே. இன்னாங்க இது?"

அப்பா குனிந்தார். அவர் முகம் வெளுத்ததை அட்டையின் நூற்றிரண்டு துளைகள் வழியாகவும் பார்த்தேன்.

"நீ பாக்கலியா ஏகாம்பரம்?"

"எனக்கு தலைகீழா இல்ல மாஸ்டர் தெரியும்? காலு மேல, துணி கீழ. மயிலு, தோகைய விரிச்சிகினு கீது போலன்னு நெய்ஞ்சிகினு இருந்தேன். அட்டை சொல்றத தறி கேக்குது, தறி சொல்றத நான் கேக்கறேன்." பிறகு ரேணுகாவின் அம்மாவைப் பார்த்து, சட்டென்று குரலில் பக்தியை வரவழைத்துக்கொண்டார். "அம்மன்தாங்க. பறக்கற அம்மன்."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டாள். பாதியில் நிறுத்தினாள். "எந்த ஊரு அம்மன்? கண்ணுல இன்னாமோ கட்டியிருக்குதே."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"அம்மன் இல்லீங்க" என்றார். "என் தப்பு. கிராப்பை மாத்திக் குடுத்துட்டேன். முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். இருபது வருஷமாக ஒரு கட்டம் தப்பாத மனுஷர், ஒரு மூச்சில், தாள் முழுவதையும் தப்பாக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். கல்யாணம் வியாழக்கிழமை. இனி வேறு முந்திக்கு நேரமில்லை. இந்தச் சேலை திரும்பினால் அடுத்த கல்யாணச் சேலை அப்பாவுக்கு வராது. எனக்கு அது அத்தனையும் புரிந்தது. சொன்னால் சக்தி போய்விடும் என்பதும், சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஞாபகம் வந்தது. ஒரு கணம், ஒரே கணம், பறப்பதா வேண்டாமா என்று யோசித்தேன்.

அட்டையைக் கழற்றினேன். "அப்பா இல்ல. நான்தான் போட்டேன். நான்தான் மாத்திக் குடுத்தேன். எம்பேரு மல்லிகா. எட்டாவது, ஆ பிரிவு."

அதுவரை வாயே திறக்காத ரேணுகா தறியருகே வந்து, தலையைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, கிட்டத்தட்டத் தலைகீழாகக் குனிந்து பார்த்தாள்.

"ஏ பாப்பா. இது வஜ்ரலதா இல்ல?"

தலையாட்டினேன்.

"யாருடி அது?" என்றாள் அவள் அம்மா.

"டெலிபோன் ஆபீசுல வேலை பாக்கறவம்மா. என்னாட்டமே." பிறகுதான் தெரிந்தது, ரேணுகாவுக்குப் போளூர் எக்ஸ்சேஞ்சில் வேலை. தம்பி வாடகைக்கு எடுத்துவரும் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துப் படிப்பாளாம். இருபத்திரண்டு வயதில் அவளும் தன் ரகசியத்தை அன்றைக்குத்தான் அம்மாவிடம் உடைத்தாள். "இத்தினி கதையில என் வேலைய மரியாதையா எழுதனது இது ஒண்ணுதான்."

"ஒன் மாமியா வூட்ல இன்னா நெனைப்பாங்க? பேஜாரா பூடும்டி."

"நெனைக்கட்டும். கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்கிப் போவேன்னு சொல்லியாச்சி. அத்த தாங்கனவங்க இத்த தாங்க மாட்டாங்களா?" மாமாவிடம் திரும்பினாள். "மிச்ச வரிசையும் இதையே நெய்ங்க. அன்னம் எல்லார் சேலையிலயும் கீது."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள், முந்தியைப் பார்த்தாள், கையில் பாவாடையோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். சிரிப்பு முதலில் அவள் வயிற்றில் குலுங்கி, பிறகு தோளுக்கு ஏறி, கடைசியில் வாய்க்கு வந்தது. அதன்பிறகு அந்தத் தறிக்கூடத்தில் யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் துணியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"மூக்கு படி படியா இருக்குது" என்றார் கடைசியில். "போர்வை நல்லா வந்திருக்குது."

அதற்கு முன் அவர் யார் கிராப்பையும் நல்லா வந்திருக்குது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை ரேணுகா அந்தச் சேலையில் மணையில் உட்கார்ந்தாள். மாமியார் வீட்டில் ஒரு கிழவர் மட்டும் "எந்தக் கோயிலும்மா?" என்று விசாரித்தாராம். அடுத்த மாதமே சேத்துப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து, "போளூர்ல ஒரு பொண்ணு கட்டியிருந்துச்சே, பறக்கற பொம்பள முந்தி, அது வேணும்" என்று முதலாளியிடம் நின்றது. அப்பா தாளை விரித்தார். இந்தத் தடவை மை நிரப்ப என்னைக் கூப்பிடவில்லை. பென்சிலைக் கையில் கொடுத்தார்.

எனக்குச் சக்தி போகவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் குடும்பத்தில் யாரும் கதையை அப்படிச் சொல்வதில்லை. ஏகாம்பரம் மாமா சொன்னால் நான் தொங்கிய உயரம் வருஷத்துக்கு ஒரு முழம் கூடும். அம்மாவின் கதையில் பாவாடை மட்டும்தான் இருக்கும், புதுப் பாவாடை. எட்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டபோது அப்பா யோசிக்கவே இல்லை.

"எங்க வுட்டாலும் ஏறித் தொங்கிடுங்க. ஆனா யாருன்னு கேட்டா மறைக்காது, பேரு, கிளாஸு, பிரிவு எல்லாம் சொல்லிடும்."

இன்றைக்கும் நான் எங்காவது மேடையேறி மைக்கைப் பிடித்தால், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் கையைக் குவித்து மெதுவாகக் கேட்பார்: "எந்தப் பிரிவு?"

நானும் விடுவதில்லை. "ஆ" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.