கோழிக்கூட்டின் மேல் வேட்பாளர்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். அம்மாவின் கோழிக்கூட்டுக் கூரையில் இருந்த முகத்தை மறைக்க வேண்டும்.

மறுநாள் தேர்தல். எங்கள் வீடு சிம்பாங் பூலாய் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து வீடுகளாக மாறிய தாமானில். எதிரில் தமிழ்ப்பள்ளி. அதுதான் வாக்குச்சாவடி. அங்கே பெயர் சரிபார்த்து எழுதுகிற ஒரு நாள் கிராணி வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு கிடைத்த முதல் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதனால் ஒரு நாள் வேலை என்ற விவரத்தை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. "மகளுக்குக் கவர்மெண்ட் வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சாவடித் தலைவர் புவான் ரொஹானி பயிற்சியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். சாவடிக்குப் பக்கத்தில் கொடி, படம், பேனர் எதுவும் கூடாது. வேலை செய்கிறவர் ஒரு கட்சிப் பக்கம் சாய்வது தெரிந்தால் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

திரும்பி வந்து பள்ளி வாசலில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தேன். கோழிக்கூட்டின் மேலிருந்து ஒருவர் என்னைக் கும்பிட்டுச் சிரித்தார்.

போன தேர்தலின் பேனர். தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள்தான் பேனர்களைக் கழற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் தாமானில் அவர்களுக்கு அந்தச் சிரமத்தை யாரும் வைப்பதில்லை. விடிவதற்குள் ஒன்று கார் மேல் இருக்கும், ஒன்று விறகு மேல், ஒன்று கோழி மேல். எங்கள் கோழி மேல் இருந்தவர் இந்த முறையும் நிற்கிறார்.

"மா, இத எடுத்துடலாம்."

"எடுத்துட்டு? சாயங்காலம் மழை வருமே, கோழிக்கு நீ குடை பிடிப்பியா?" என்றார் அம்மா. "ஜெயிச்ச பிறகு அவரு நம்மளுக்கு ஒண்ணும் செய்யல. மழைக்காவது நிக்கட்டும் லா."

நான் எதையும் கேட்காமல் செய்கிற ஆள் இல்லை. நகராண்மை ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த பேனருக்குப் பெர்மிட் இருக்கா?"

"இல்லைங்க. அது இப்ப பேனர் இல்ல, கூரை."

"கூரைன்னா கட்டடப் பிரிவுக்கு மாத்துறேன்."

கட்டடப் பிரிவில் இருந்த பெண்ணின் முதல் கேள்வி, கோழிக்கூட்டுக்குப் பெர்மிட் இருக்கிறதா என்பது. நான் போனை வைத்துவிட்டேன்.

திருப்பிப் போட்டால் போதும், பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். ஏறி, கயிற்றை அவிழ்த்துத் திருப்பினேன்.

இன்னொருவர் சிரித்தார்.

எதிர்க்கட்சிக்காரர். ஒரு பேனர் ஒழுகியதால் அம்மா இரண்டு பேனரை முதுகோடு முதுகு வைத்து நைலான் கயிற்றால் தைத்திருக்கிறார். மேடையில் ஒருவரை ஒருவர் கிழிக்கிற இரண்டு பேரும் எங்கள் கூரையில் இத்தனை வருடமாக ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முதல் முகத்தின் கட்சிக்கு அவர்தான் இங்கே கொடி கட்டுகிறவர்.

"என்ன பாப்பா, நம்ம ஆளக் கவுத்துட்டு அவன மேல வைக்கிற?"

"ஐயோ அண்ணே, நான் நடுநிலை."

"நடுநிலைன்னா ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கட்டு. இது நடுநிலையா?"

உடனே மறுபடி திருப்பினேன். அந்தப் பக்கம் போன மூன்று பேர் அதையும் பார்த்தார்கள்.

கடைசி வழி, பெயிண்ட். ஸ்டோரில் தம்பி அறைச் சுவருக்கு அடித்த மிச்சம் இருந்தது. நீலம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன்.

"இப்ப என்ன?" என்றார் அம்மா.

"நீலமும் ஒரு கட்சி நிறம் மா."

"வானம்கூட நீலந்தான். போயி அதையும் அழிச்சுட்டு வா."

அடித்தேன். முகம் மறைந்தது. பெருமையாகக் கீழே இறங்கினேன். பெயிண்ட் காயுமுன், மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் பெய்ய வேண்டிய மழை வழி தவறி எங்கள் தாமானுக்கு வந்தது.

விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். வேட்பாளர் முகம் கழுவிப் பவுடர் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தார். பெயிண்ட் எங்கே போனது என்று யோசிக்க நேரமில்லை.

"நீ போ. நான் கழட்டி வச்சுர்றேன்," என்றார் அம்மா. சொன்னபடி கழற்றியும் வைத்தார். கூரையில்லாத கூட்டில் கோழிகள் உட்கார்ந்திருக்குமா என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வாக்குப்பதிவு நன்றாகத்தான் போனது. நான் பெயர் சரிபார்க்கிற மேசையில் இருந்தேன். திடீரென்று வெளியே வரிசையில் சிரிப்பு. வாசலைப் பார்த்தேன்.

எங்கள் கோழிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. எல்லாம் நீலம்.

கட்சி முகவர்களில் ஒருவர் எழுந்தார். "புவான், இது பிரச்சாரம். நிறத்தப் பாருங்க."

நீலக் கட்சி முகவரும் எழுந்தார். "எங்க நீலம் இது இல்ல. எங்களது இன்னும் கடுமையா இருக்கும்."

புவான் ரொஹானி எல்லாரையும் பார்த்தார். "யாரோட கோழி?" என்று மலாயில் கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோழி என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதில் ஒன்று நேராக வந்து என் மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

கையைத் தூக்கினேன். "எங்க அம்மாவோடது, புவான்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். நகராண்மைக்குப் போன் போட்டதைக்கூட விடவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கவர்மெண்ட் வேலை மதியத்தைப் பார்க்காது என்று முடிவுசெய்தேன்.

அப்போதுதான் கோழியைப் பிடிக்க அம்மா வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. வாசலில் நின்று, கையில் மடித்து வைத்திருந்ததை உதறி விரித்தார். வேட்பாளர் வாக்குச்சாவடி வாசலில் நின்று, வரிசையில் இருந்த எல்லாரையும் கும்பிட்டார்.

போலீஸ்காரர் ஓடினார். "அக்கா, படத்த மடிங்க!"

"படம் இல்ல சார், கூரை. கோழிக்கு இதுதான் பழக்கம். விரிச்சா தானா உள்ள வந்துரும்."

கோழிகள் உண்மையிலேயே வரிசையாக அதற்கடியில் போய் நின்றன. அம்மா அப்படியே சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார். வரிசையில் இருந்த மணியம் அண்ணன், "நம்ம ஆளுக்குக் கூட்டம் சேருது பாத்தியா," என்றார்.

புவான் ரொஹானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொய் சொல்லல. அதனால வீட்டுக்கு அனுப்பல," என்றார். "ஆனா மேசை மாறு."

ஓட்டுப் போட வருகிறவர்களின் விரலில் நீல மை தடவுகிற மேசையைக் காட்டினார்.

"உனக்கு இதுல அனுபவம் இருக்கு."

சாயங்காலம் வரைக்கும் தடவினேன்.

முதல் சம்பளத்தில் எல்லாரும் அம்மாவுக்குச் சேலை எடுப்பார்கள். நான் கோழிக்கூட்டுக்குத் தகரம் எடுத்தேன். பெயிண்ட் அடிக்கவில்லை.