சாடை அண்ணாச்சியின் குரல்

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களிலேயே அதிகம் பேசியவர் எங்கள் சாடை அண்ணாச்சிதான். வாயைக் குறைவாகத் திறந்தவரும் அவர்தான்.

விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் என் மெஷினுக்கு எதிர் மெஷின் அவருடையது. ஓடுகிற இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லோருமே கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வோம். இரண்டு விரலைக் கோத்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். பத்தாம் வகுப்போடு மில்லுக்கு வந்த, வாய் திறக்கவே கூசுகிற எனக்கு அது பெரிய வசதி. ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்கள் வாய்க்குத் திரும்பிவிடுவார்கள். அண்ணாச்சி மட்டும் திரும்பவே இல்லை.

ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாணம். ஒரு பந்தியில் இவர், எதிர்ப் பந்தியில் அவர் மனைவி. மதினியும் மில்லில் வேலை பார்த்தவர். சாம்பாரில் உப்பில்லை, மாப்பிள்ளைக்கு வயசு கூட என்று சாப்பிட்டு முடிக்கும்வரை இடது கையாலேயே பேசித் தீர்த்தார்கள். பெண்ணின் அப்பாவும் பழைய மில்காரர் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. அவர் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அண்ணாச்சி இலைக்கு முன்னால் வைத்து, “மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டுதான் வே” என்றார்.

வீட்டில் சண்டையும் சத்தமில்லாமல்தான். தெருவே மில்காரர்கள் என்பதால், ஜன்னல் வழியாகப் பார்த்தாலே முழுச் சண்டையும் விளங்கிவிடும். கடைசியில் மதினி கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதற்குமேல் அண்ணாச்சி யாரிடம் பேசுவது?

மதினி இறந்த பிறகு அண்ணாச்சியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

பாளையங்கோட்டையில் மொழிக்கென்றே ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள், நம் பேச்சைக் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். மறுநாளே பஸ் ஏற வைத்துவிட்டார். அவ பேச்சு அங்கன கிடக்கட்டும் என்று கையால் சொன்னார்.

தொட்டால் பழைய எழுத்து புது எழுத்தாக மாறும் திரை, சொற்களைக் கோத்து விளையாடும் கட்டைகள், எதையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகப் பேச்சைப் பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் போனார். பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் ஊர்ப் பேச்சில் ஏதாவது சொல்லுங்கள் என்றது இயந்திரம். அண்ணாச்சி கையால் சொன்னார். எதுவும் கேட்கவில்லை, உரக்கப் பேசவும் என்றது. உடனே அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வீசினார். மில்லில் உரக்கப் பேசுவது அப்படித்தான்.

அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்தாள். நான் மெல்ல விவரம் சொன்னேன். “குரல் மட்டுந்தான் சார் இதில ஏறும்” என்று வருத்தத்தோடு சொன்னாள்.

அண்ணாச்சி நம்பவில்லை. எதிரில் ஆள் நின்றால் இயந்திரத்துக்கு விளங்கும் என்று என்னை உள்ளே இழுத்து நிறுத்தினார். வெளியே கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மதினி இருந்தபோது தினமும் அவரிடம் கேட்ட கேள்வியைக் கேட்டார்: சோறாச்சா? மதினியின் பதிலும் தெருவுக்கே தெரிந்ததுதான். வயிற்றைத் தடவி, கையை விரித்து, எல்லாத்தையும் நானே தின்னுட்டேன் என்பார். பிறகு சிரித்துக்கொண்டே இலை போடுவார். நானும் வயிற்றைத் தடவிக் கையை விரித்தேன்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. வாய் திறந்தது.

“ஏலே, அவ இப்படியா சொல்லுவா? கைய நல்லாத் தூக்கிச் சொல்லுலே.”

நன்றி, உங்கள் குரல் பதிவாகிவிட்டது என்றது இயந்திரம்.

அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். மதினியின் பேச்சு எங்கும் ஏறவில்லை.

அந்தக் காட்சிக்கூடத்துச் சுவரில் தாமிரபரணி ஓடும் படம் ஒன்று இருக்கிறது. கரையோர ஊர்களுக்கெல்லாம் பொத்தான். எங்கள் ஊரை அழுத்தினால் அண்ணாச்சி என்னைத் திட்டுவார். பாளையங்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அழுத்துகிறேன். சுற்றி யார் நின்றாலும் கையை நன்றாகத் தூக்கி மதினியின் பதிலைச் சொல்கிறேன். இன்னும் மதினி சொல்வதுபோல் வரவில்லை. மறுபடியும் பொத்தானை அழுத்துகிறேன்.