கொம்பர் அனுப்பிய நாற்பத்தொரு படங்கள்

ஜெர்மனியில் வேட்டைக்குச் சோதனை எழுதி, பாஸ் பண்ணி, அனுமதி எடுத்து, துவக்கும் வாங்கி, ஒரு எலியைக்கூடச் சுடாத தமிழர் ஒரே ஒருவர்தான். அவர் கொம்பர். இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள். தேத்தண்ணி நான் தருகிறேன்.

எசனில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் பெரிய லாண்டரி ஒன்றில் அவரும் நானும் பதினெட்டு வருடம் ஒரே இயந்திரத்தில் நின்றோம். அவர் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். விரிப்பு வரும். மடிப்போம். போகும். அவர் கதைத்துக்கொண்டே இருப்பார். எனக்குக் கதை குறைவு. அதனால்தான் அவருக்கு என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் பல் வலியென்று வைத்தியரிடம் போனார். காத்திருந்த அறையில் பழைய சஞ்சிகை ஒன்று கிடந்தது. அதில் ஒரு மான் படம். அமெரிக்காவில் வயோமிங் என்ற மாநிலத்துப் புல்வெளியில் நிற்கிற மான். கறுத்த கொம்பு. கொம்பு நடுவில் கவர் விட்டிருக்கும். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கொம்பர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து வேறு கதை இல்லை. அந்தக் கொம்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு லாண்டரிக்காரர் வைத்த பெயர்தான் கொம்பர். கொஞ்ச நாளில் கோயிலிலும் அதே பெயர். சொந்தப் பெயர் சம்பளக் கடதாசியில் மட்டும் இருந்தது.

அந்த மானுக்குச் சொந்தக்காரர் இல்லையாம். அதன் இனத்தில் மற்றதெல்லாம் அழிந்து, இது ஒன்றுதான் மிச்சமாம். முந்தி ஒரு காலம் இதைத் துரத்திய புலி மாதிரி ஒரு மிருகம் இருந்ததாம். அதுவும் அழிந்துவிட்டது. ஆனால் மான் அதே வேகத்தில்தான் இன்றைக்கும் ஓடுகிறதாம்.

"துரத்த ஒருத்தரும் இல்லை, தம்பி. ஆனா ஓடுது" என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். விரிப்பு வந்தது. மடித்தோம்.

அந்த மானை ஒரு தரம் வேட்டையாட வேண்டும். அதுவே அவர் வாழ்க்கைத் திட்டம். முதலில் ஜெர்மன் வேட்டை அனுமதி வேண்டும் என்று தானாகவே முடிவு செய்தார். சோதனைக்குப் போனார். வேட்டை நாய் பற்றிக் கேட்டார்கள். மேசைக்குக் கீழே உண்மையாகவே ஒரு நாய் படுத்திருந்தது. கொம்பர் மேசைக்கு மேலே ஏறிவிட்டார். முதல் தரம் பெயில். இரண்டாம் தரம் சுடுகிற சோதனை. வெடிச் சத்தத்துக்கு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். பெயில். மூன்றாம் தரம் பாஸ். லாண்டரிக்குக் கேக் கொண்டு வந்தார்.

துவக்கு வந்தது. அதை வைக்க இரும்புப் பெட்டி வேண்டும் என்பது சட்டம். நாலு பேர் சேர்ந்து மூன்றாம் மாடிக்குத் தூக்கினோம். அவருடைய மனைவி யோகமக்கா செவ்வாய், வெள்ளி சைவம். துவக்கு வீட்டுக்குள் வந்ததில் அவருக்குத் துளி விருப்பமும் இல்லை. ஆனால் பெட்டியின் கதவைத் தட்டிப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. தன் நகை முழுவதையும் துவக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அனுமதி உள்ளவர் தவிர வேறு ஆளிடம் திறப்பு இருக்கக்கூடாதாம். மனைவியிடமும் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் கொம்பர்தான் பெட்டியைத் திறந்து, துவக்கை விலக்கி, அட்டியலை எடுத்துக் கொடுப்பார். யோகமக்கா கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நிற்பார். அது சட்டம்.

பெட்டியைச் சோதிக்க ஒருமுறை அனுமதி கொடுத்த கந்தோரிலிருந்து ஒரு பெண் வந்தார். சப்பாத்தைக் கழற்ற வைத்து, வடை கொடுத்து இருத்தினார்கள். இதுவரை என்ன சுட்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். கொம்பர் பல் வைத்தியரிடம் பிடுங்கிவந்த மான் பக்கத்தைக் கொண்டு வந்து காட்டினார். அந்தப் பெண் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்காமல் போய்விட்டார்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு ஜெர்மன்காரர். அவர் ஒரு மாரிகாலம் கொம்பரைத் தங்கள் காட்டுக்குப் பன்றி வேட்டைக்கு அழைத்துப் போனார். செம்மஞ்சள் அங்கியோடு கொம்பரை ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். பெரிய பன்றி ஒன்று குட்டிகளோடு அவர் காலடியால் போனது. கொம்பர் தொப்பியைக் கழற்றி வழி விட்டார். ஏன் சுடவில்லை என்று நான் கேட்டேன். முதல் வெடி அந்த மானுக்கு என்றார்.

அமெரிக்காவில் நினைத்தவுடன் சுட ஏலாது. பெயர் கொடுக்க வேண்டும். குலுக்கலில் விழ வேண்டும். எட்டு வருடம் கொடுத்தார். முடிவு வரும் நாளில் இடைவேளைக்குப் போனைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் இருப்போம். இல்லை என்று வரும். "அடுத்த வருஷம்" என்பார். பாண் துண்டைக் கடிப்பார். லாண்டரியில் பகிடி பண்ணாத ஆள் இல்லை. கொம்பருக்கு அகதி விசாவே ஏழு வருடத்தில் கிடைத்தது, மான் விசாதான் கிடைக்குதில்லை என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஏழாவது முறை இல்லை என்று வந்தபோது சிரிக்கவில்லை.

அவருக்குச் சீனி வருத்தம். அது கண்ணுக்குப் போய்விட்டது. மாதம் ஒரு தரம் வைத்தியரிடம் டெர்மின். கண்ணுக்குள்ளேயே ஊசி. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலது கண் நேராப் பாத்தாத் தெரியுது. பக்கமெல்லாம் இருட்டு. இன்னும் ஒரு வருஷம், கூடினா ஒண்டரை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

அன்றிலிருந்து விரிப்பின் மூலையை அவர் கையில் வைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

எட்டாவது முறை பெயர் விழுந்தது.

போனை என்னிடம் தந்து மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு இயந்திரத்தை நிறுத்தாமலே வெளியே போய்விட்டார். அன்றைக்கு அறுபது விரிப்பு நிலத்தில் விழுந்தது. மேற்பார்வையாளர் பேசாமல் எங்களோடு சேர்ந்து பொறுக்கினார்.

புரட்டாதியில் போனார். கனடாவிலிருந்து அவருடைய மருமகன் வந்து அமெரிக்க விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டான். சொந்தத் துவக்கைக் கொண்டு போகவில்லை. அதற்குக் கடதாசி எடுப்பது பெரிய வேலை. அங்கே இரவல் துவக்கு. அவ்வளவு வருடம் காத்திருந்த துவக்கு வீட்டில் அட்டியலோடு கிடந்தது.

லாண்டரி ஆட்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. படமெல்லாம் அதில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எசன் தமிழருக்கு இன்னொரு குழுவும் இருக்கிறது. துயர் பகிர்வுக் குழு. அதில் ஒருவரும் கதைப்பதில்லை. இறந்தவரின் படம் மட்டும் வரும். பேரும் விபரமும் பின்னால் வரும். அதற்குள் எல்லோரும் அனுதாபம் எழுதிவிடுவார்கள். இரண்டு குழுவும் அவருடைய போனில் மேலும் கீழுமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் துயர் பகிர்வில் ஒரு படம் வந்தது. புல்லில் கொம்பர் குப்புறக் கிடக்கிறார். தொப்பி முகத்தை மூடியிருக்கிறது. ஒரு சொல்லும் இல்லை.

பத்து நிமிடத்தில் நூறு பேர் எழுதிவிட்டார்கள். ஓம் சாந்தி. ஆண்டவர் பாதத்தில் இளைப்பாறட்டும். அன்பான மனிதர். கோயில் மடைப்பள்ளியில் பத்து வருடம் பாத்திரம் கழுவியவர். பகிடி பண்ணிய ஆட்கள்தான் நீளமாக எழுதினார்கள்.

செத்த வீட்டைப் போனில் விசாரிக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. நேரே போய்விடுவது. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் மாடி வாசலில் பன்னிரண்டு சோடி செருப்பு. யோகமக்கா ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறார். கதவைத் திறந்ததும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். வந்தவர்களில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அவரும் கூடவே அழுதிருக்கிறார். யார் செத்தது என்று கேட்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வந்தவர்கள் பிளாஸ்கில் கோப்பி, சட்டியில் சோறு, கத்தரிக்காய்க் கறி கொண்டுவந்திருந்தார்கள். ரோல்ஸ் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. நான் போய் நிறுத்தினேன்.

அவர் வேட்டைக்குத்தான் படுத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. சொன்னேன். யாரும் நம்பவில்லை. போன் எடுத்தோம். அவருடையதும் அடிக்கவில்லை, மருமகனுடையதும் அடிக்கவில்லை. அரை மணி. ஒரு மணி. எனக்கும் நம்பிக்கை கழன்றுகொண்டு வந்தது. கண் தெரியாத மனிதன். துவக்குகள் உள்ள இடம். யோகமக்கா சுவாமி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. இரண்டு கிழமைக்கு முந்தி, நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் போயிருக்கமாட்டார், நான்தான் போங்கோ என்றேன் என்றார்.

இரண்டரை மணி நேரம் கழித்து எல்லாருடைய போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன. அதே குழு. படம். இன்னொரு படம். இன்னொன்று. நாற்பது.

நாற்பதும் புல்லு. புல்லும் வானமும்.

செத்தவர் படம் அனுப்பமாட்டார் என்று முதலில் விளங்கியது யோகமக்காவுக்குத்தான். நிலத்தில் இருந்துவிட்டார். பெண்கள் கோப்பியைத் தாங்களே ஊற்றிக் குடித்தார்கள்.

பிறகு மான் தேடும் வேலை தொடங்கியது. வீட்டிலிருந்தவர்கள், குழுவிலிருந்தவர்கள் எல்லோரும் படங்களை விரித்து விரித்துப் பார்த்தார்கள். பலசரக்குக் கடைச் சிவநேசன் ஒன்றில் சிவப்பு வட்டம் போட்டு, இந்தா மான் என்று அனுப்பினார். அது கல்லு என்று அவருடைய மனைவியே கீழே எழுதினார். வேறொருவர், இது துயர் பகிர்வு, புல்லுப் படம் போடும் இடம் இல்லை என்று எழுதினார். அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அப்போது என்னுடைய போன் அடித்தது. கொம்பர். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. லாண்டரிக் குழுவில் போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். குரல் களைத்திருந்தது. விடிந்ததும் புல்லில் படுத்துக் காத்திருந்தபோது மருமகன் இவருடைய போனில் எடுத்த படத்தை இவர்தான் போட்டாராம்; பிறகு அங்கே சிக்னல் இல்லையாம்.

காலையில் கூட்டிப்போன வெள்ளைக்காரர் முந்நூறு மீற்றரில் அந்தா நிற்கிறது என்று காட்டினாராம். இவர் படுத்து, துவக்குக் கண்ணாடியால் பார்த்தாராம். மண்ணிறத்துக்குள் மண்ணிறம். மானா புல்லா என்று பிரியவில்லையாம். வெள்ளைக்காரர் சுடு சுடு என்றாராம். இவர் விரலை எடுத்துவிட்டார். மிருகத்தைத் தெளிவாகக் காணாமல் சுடக்கூடாது என்று படித்துத்தான் பாஸ் பண்ணினார். பிறகு போனை எடுத்து, மான் நின்றதாகச் சொன்ன பக்கம் நீட்டி, அது போகும்வரை அமத்திக்கொண்டே இருந்தாராம்.

"எனக்குத் தெரியேல்லை, தம்பி. வடிவாப் பாத்துச் சொல்லு. படத்திலையாவது நிக்குதோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன் சத்தமாக இருந்தது. அறை முழுக்கக் கேட்டது. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய்க்கு நிறையச் சொல்லு வேண்டும். அது என்னிடம் இல்லை.

"நிக்குது அண்ணை" என்றேன். "பதினேழாவது படம்."

"கொம்பு?"

"கவர் தெரியுது."

யோகமக்கா எழும்பி வந்து போனை வாங்கினார்.

"இஞ்சை நான்தான். நானும் பாத்தனான். வடிவான மான். நீங்கள் சாப்பிட்டிட்டியளே?"

போனை வைத்த பிறகு சிவநேசனின் மனைவிதான் முதலில் எழுதினார். பதினேழாவது படத்துக்குக் கீழே: மான் அழகு. பிறகு மற்றவர்கள். நல்ல கொம்பு. அருமையான படம் அண்ணை. பின்பக்கம் எவ்வளவு வெள்ளை. இரவுக்குள் நூற்று இருபது பேர் அந்த மானைக் கண்டுவிட்டார்கள். புல்லுப் போடும் இடம் இல்லை என்றவரும் கடைசியில் ஒரு கட்டை விரல் போட்டார்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கண்ணும் போய்விட்டது. வேலையை விட்டார். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். துவக்கை மேற்பார்வையாளர் வாங்கிக்கொண்டார். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் இப்போது சிரியாக்காரப் பெடியன் ஒருவன். நல்லவன். அவனும் கதைப்பதில்லை.

ஞாயிறு தோறும் நான் போவேன். யோகமக்கா தேத்தண்ணி வைப்பார். கொம்பர் போனைத் தருவார். பதினேழைத் திற என்பார். திறந்துவிட்டுச் சொல்வேன். முதல் முதல் மான் நிக்குது என்று மட்டும் சொன்னேன். பிறகு எந்தப் பக்கம் பார்க்குது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். காது எப்படி? நிமிர்ந்திருக்குது. காற்று? புல்லுச் சாய்ந்திருக்குது. இரண்டு வருடமாகச் சொல்கிறேன். பதினெட்டு வருடத்தில் கதைத்ததைவிடக் கூடக் கதைத்துவிட்டேன்.

போன ஞாயிறு சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்திலை ஒரு குட்டியும் நிக்குது" என்றேன்.

"இவ்வளவு நாளும் சொல்லேல்லையே?"

"புல்லுக்குள்ளை படுத்திருந்தது. இப்பதான் எழும்பினது."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகத்தைப் போன் பக்கம் திருப்பினார். கையால் தடவி என் முழங்கையைப் பிடித்தார்.

"அப்ப சத்தம் போடாதை" என்றார். "ஓடிடும்."

தேத்தண்ணி ஆறியது. நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம்.