பச்சை விளக்கு எரிந்த இடம்

மச்சான் வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்பது என் சபதம். மச்சான் என்றால் என் மனைவி தினேஸ்வரியின் அண்ணன் கனகராஜ். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மீன் வியாபாரம். புது வீட்டுக்குக் குடிபோனபோது, தங்கை புருஷனை நேரில் வந்து தட்டு வைத்து அழைக்க வேண்டாமா? சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழைப் போட்டார். நானும் மானஸ்தன். போகவில்லை.

தினேஸ்வரி மட்டும் போய் வந்தாள். என்னோடு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை. தீபாவளிக்கும் அவள் தனியாக பஸ் ஏறியபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. ஆனாலும் சபதம் போட்டாயிற்றே.

இந்தப் பள்ளி விடுமுறைக்கு அண்ணன் வீடு என்று ஆரம்பித்துவிடுவாளோ என்ற பயத்தில், ஒரு பழைய பள்ளி வேனை வாங்கினேன். கட்டில், ஐஸ்பெட்டி, ஏர்கோன் வைத்து கேம்பர் ஆக்கினேன். குனோங் ராபாட்டில் எங்கள் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. சுங்காய் ஊரில் ஆற்றோரமாக ஒரு கேம்ப் இடமும் பிடித்தேன். அங்கேயே கரண்டும் கொடுப்பார்களாம்.

அவள் மறுக்கவே இல்லை. வேனுக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டர் மட்டும் கேட்டாள். இடி மின்னலில் எகிறி வரும் கரண்டு வேனுக்குள் போகாமல் தடுக்கும் பெட்டி. கடையில் நான் ப்ளக்கோடு சொருகுகிற சின்னதை எடுத்தேன்.

"அது வேணாங்க. எர்த் இல்லாட்டி கரண்ட உள்ளயே விடாத பெட்டி இருக்கு. அத வாங்குங்க."

"அது விலை கூடலா."

"உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் என்ன செய்ய?"

உருகிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கழற்ற முடியாத மாதிரி மாட்டச் சொன்னாள். எலக்ட்ரிசியனைக் கூப்பிட்டு, பலகைக்குப் பின்னால் நிரந்தரமாகவே மாட்டினேன். டார்ச் பிடித்தவள் அவள்தான். சரியான கரண்டு வந்தால் பச்சை விளக்கு, கோளாறு என்றால் சிவப்பு.

சுங்காயில் கேம்ப்காரரின் கரண்டுக் கம்பத்தில் வயரைச் சொருகினேன். சிவப்பு. அடுத்த கம்பத்திலும் சிவப்பு. எர்த் வயரே இல்லையாம். எல்லாரும் சொருகுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று கேம்ப்காரர் ஆச்சரியப்பட்டார். என் பெட்டி அசையவில்லை. காலை வெயிலிலேயே வேன் அடுப்பாகிவிட்டது. ஐஸ்பெட்டியிலிருந்து கோழி மசாலா ஒழுகியது. தினேஸ்வரி தட்டால் விசிறிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணன் மீன் ஐஸ்பெட்டிக்காக எர்த் நல்லா போட்டிருக்காரு. நீங்க வாசப்படி மிதிக்க வேணாம். வேன் வெளிய நிக்கட்டும், வயரு மட்டும் உள்ள போகட்டும்."

யோசித்தேன். சபதத்தில் வயரைப் பற்றி ஒன்றும் இல்லை.

மச்சான் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி வயரை நீட்டினோம். பச்சை. ஏர்கோன் ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று கட்டிலில் கால் நீட்டியபோது யாரோ வேன் கதவைத் தட்டினார்கள். திறந்தால் கனகராஜ். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், புது வேட்டி.

"மாப்ள, நான் செஞ்சது தப்புதான். இப்ப உங்க வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுறேன். சாப்பிட வாங்க."

திரும்பி தினேஸ்வரியைப் பார்த்தேன். எப்போது ஏற்பாடு செய்தாய் என்று கேட்டேன்.

"பெட்டி வாங்குறதுக்கு முந்தியே கேம்ப்காரர்கிட்ட எர்த் இருக்கான்னு கேட்டேன். இல்லன்னாரு. அப்புறந்தான் அண்ணனுக்குப் போன் போட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாளும் ஒருவர் வந்து கூப்பிடுவதற்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. தட்டை வாங்கிக்கொண்டு, வாசப்படியை மிதித்தேன்.

மீன் குழம்பு தொண்டை வரை நிரம்பியது. ஒரு தூக்கம் போடலாமென்று வேனுக்குப் போனால், கதவு உள்ளே பூட்டியிருந்தது. தினேஸ்வரியும் அவள் அண்ணியும் ஏர்கோனில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் தட்டினேன். கொஞ்சமாகத் திறந்தாள்.

"நீங்க அண்ணன்கூட ஹால்ல படுங்க. முறையா கூப்பிட்டிருக்காருல்ல."