பின்னறைக் கிடங்கு

ஸ்டோர்க்காரர் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பதை, அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவர் மனைவி கண்டுகொண்டாள். சாதாரண நாட்களில் ஒன்று வாசலில் கிடக்கும், இன்னொன்றைத் தேட வேண்டும். அன்று இரண்டும் ஜோடியாகச் சுவரோரம் நின்றன. மனிதர் எதையோ ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

குழாய் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகச் சாமான் கிடங்கைக் கட்டிக்காக்கிறவர் அவர். அங்கே சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. ஒருமுறை மேனேஜரே நேரில் வந்து பல்பு கேட்டபோது, "சீட்டு?" என்று கையை நீட்டினாராம். மேனேஜர் சாயங்காலம் வரை இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். இந்தக் கதையை வீட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல மேனேஜரின் அறை மேலும் மேலும் இருட்டிக்கொண்டே வந்தது.

"இப்படி உக்காரும்மா. பதறாம கேக்கணும்."

"நான் பதறல. அடுப்புல பால் இருக்கு, அதுதான் பதறும். சீக்கிரம் சொல்லுங்க."

"கரண்டு போகப்போகுது."

"எப்போ?"

"இன்னைக்கோ நாளைக்கோ இல்ல. ஆனா போனா பத்து நாள் வராது. கடையில ஒரு சாமான் கிடைக்காது. செய்தி வந்துடுச்சு."

"எதுல வந்துச்சு?"

"போன்ல."

"வெங்காயச் சாறு தடவினா வழுக்கையில முடி வளரும்னு வந்துச்சே, அதே போன்லயா?"

ஸ்டோர்க்காரர் அனிச்சையாகத் தலையைத் தடவிக்கொண்டார். அந்தச் செய்தியை நம்பி அவர் நடந்துகொண்ட நான்கு நாட்களை அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் மன்னிக்கவில்லை.

"கிண்டல் பண்றதுக்கு இது நேரமில்ல. பின்னறையைக் கிடங்கா மாத்தப்போறேன்."

அவள் முகம் மாறியது. பிள்ளைகள் படிப்பதற்காக வெளியூர் போனபிறகு காலியான அறை அது. அவளுடைய தையல் மிஷின் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நின்றது. போகிற வருகிற எல்லார் முழங்காலையும் அது பதம் பார்த்தது. துணியை விரித்து வெட்ட இடமில்லாமல், வீடு தேடி வந்த தையல் வேலையை எல்லாம் அவள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். பின்னறை உனக்குத்தான் என்று அவர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. எப்போது கேட்டாலும் அடுத்த மாசம் என்பார். அந்த மாசம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

"அது எனக்குத் தர்றேன்னு சொன்ன ரூம்."

"பஞ்சம் வந்துட்டா பசியோட உக்காந்து தைப்பியா? துணியைக் கடிச்சுத் தின்ன முடியுமா?"

அவள் எழுந்து போய்ப் பாலை இறக்கி வைத்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

விவரம் தெரிந்த கணவன் இந்தச் "சரிங்க"வைக் கேட்டால் அப்போதே காலில் விழுந்திருப்பான். நம்மவர் அளவு நாடாவை எடுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அறை நிரம்பிவிட்டது. அரிசி இரண்டு மூட்டை, மாவு ஒரு மூட்டை, பருப்பு, சர்க்கரை, உப்பு, ஆறு டஜன் மெழுகுவத்தி, ஒரு ஊரையே கொளுத்தப் போதுமான தீப்பெட்டி, நாற்பது பாக்கெட் பிஸ்கட். பிஸ்கட் மட்டும் எதற்கு நாற்பது என்று அவள் கேட்டாள். பஞ்ச காலத்தில் மனிதனுக்குத் தெம்பு வேண்டாமா என்றார். கதவில் ஒரு தேங்காயளவுப் பூட்டு தொங்கியது.

"சாவி என் இடுப்புல இருக்கும். உனக்கு எது வேணும்னாலும் இந்தப் புஸ்தகத்துல சீட்டு எழுது. சாமான், அளவு, காரணம், வாங்கறவங்க பேரு. நான் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்துப் போட்டா சாவி தருவேன்."

"கையெழுத்துப் போட்ட பிறகு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"என்ன பேச்சு இது? என் கையெழுத்து விழுந்தா விழுந்ததுதான். மேனேஜரே வந்தாலும்…"

"தெரியும், இருட்டுல உக்காந்திருப்பாரு. உள்ள என்ன இருக்கு என்ன இல்லன்னு யாரு பாக்கறது?"

"மாசக் கடைசியில இருப்பு எடுப்பேன். நடுவுல சும்மா சும்மா கிடங்கைத் திறந்து பாக்கறவன் ஸ்டோர்க்காரனே இல்ல."

இங்கே அவருடைய தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் தினமும் சாயங்காலம் அவர் மேஜைமேல் ஒரு கட்டுச் சீட்டு வந்து உட்காரும். அவற்றைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. ஆகையால் போடுவதோடு சரி, படிப்பதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண்ணும் கையும் ஒரே காகிதத்தில் சந்தித்துக்கொண்டதே கிடையாது.

இது அவர் மனைவிக்குத் தெரியாது. ஆனால் இரண்டே நாளில் தெரிந்துகொண்டாள். முதல் சீட்டில், உப்பு ஒரு பாக்கெட், காரணம் சமையல் என்று ஒழுங்காக எழுதினாள். அவர் போனைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டுச் சாவியை நீட்டினார். இரண்டாவதில், சர்க்கரை கால் கிலோ, காரணம் என் வீட்டுக்காரர் ஒரு மண்டு என்று எழுதினாள். அதற்கும் கையெழுத்து விழுந்தது. வால் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைத்து, அழகான கையெழுத்து.

மூன்றாம் நாள் அவள் நிஜமாகவே கவலையோடு வந்தாள்.

"என்னங்க, அரிசியில வண்டு இருக்கு. மாவுலயும் வந்துடும் போல. ஏதாவது செய்யணும்."

"மாசக் கடைசியில பாக்கலாம்."

"அதுக்குள்ள வண்டு மட்டும்தாங்க மிஞ்சும்."

"ஏம்மா, இங்க உலகமே பத்திக்கிட்டு எரியப்போகுது, நீ வண்டைப் பத்திப் பேசற. எதுவா இருந்தாலும் சீட்டு எழுது."

"எழுதட்டுங்களா?"

"எழுது."

எழுதினாள். அந்த மாதம் சீட்டுகள் மளமளவென்று வந்தன. ஒரு சாயங்காலம் ஒன்பது சீட்டு. வீட்டிலும் தம்முடைய முறை வேரூன்றிவிட்டது என்று ஸ்டோர்க்காரருக்கு ஒரே பெருமை. அடிக்கடி சாவி கொடுத்து வாங்குவது மட்டும் தொல்லையாக இருந்தது. பிறகு அந்தத் தொல்லையும் நின்றுவிட்டது. ஏன் நின்றது, சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

நாலாவது வாரம், புதன்கிழமை காலை பத்தரைக்குத் தொழிற்சாலையில் எல்லா மிஷின்களும் ஒரே மூச்சில் நின்றன. ஊர் முழுக்கக் கரண்டு போய்விட்டது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போக, நம்மவருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆறு பேரிடம் சொன்னார். தெரிந்தவர்களுக்குப் போனில் சொன்னார். வீட்டுத் தெருவில் இறங்கும்போது போன் செத்துப்போயிருந்தது. கரண்டு போகும் என்று ஒரு மாதமாகக் கத்தியவர், அன்று காலை சார்ஜ் போட மறந்திருந்தார்.

எதிர்வீட்டு வாத்தியார் வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். மூட்டைகள் வந்து இறங்கிய அன்று, "என்ன ஸ்டோர், கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தவர். அவரை விட்டுவிட மனசு வருமா?

"வாங்க வாத்தியாரே. ஏற்பாடுன்னா என்னன்னு காட்டறேன். அன்னைக்குச் சிரிச்சீங்களே, இன்னைக்கு வந்து பாருங்க."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டோர்க்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே வந்தார். வழியில் முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. அது அவருக்கு உறைக்கவுமில்லை. தெருவே ஓய்ந்து கிடக்க, பின்னறையிலிருந்து மட்டும் கடகடவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பூட்டைக் காணவில்லை. கதவைத் தள்ளினார்.

ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் தையல் மிஷின் நின்றது. அவர் மனைவி காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் துணி மலைபோல் குவிந்திருந்தது. மூட்டை இருந்த இடத்தில் காலிச் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன.

"என்ன இது?"

"மிஷின்ங்க. கடைத்தெருவுல எல்லாம் மோட்டார் வச்ச மிஷின், காலையிலேர்ந்து ஓடல. அத்தனை வேலையும் இங்க வந்துடுச்சு. கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

"என் அரிசி எங்கே? என் மாவு எங்கே?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள். ஸ்டோர்க்காரர் கை நீட்டுவதற்குள் வாத்தியார் வாங்கி உரக்கப் படித்தார்.

"அரிசி ஒன்றரை மூட்டை, காரணம் வண்டு, வாங்கியவர் தெருவில் பன்னிரண்டு வீடு. அட, இதுல நானும் இருக்கேன். சலிச்சுட்டா நல்ல அரிசிதான் ஸ்டோர். அதைத்தான் வாசல்லயே சொல்ல வந்தேன். மாவு ஒரு மூட்டை, வாங்கியவர் விறகு அடுப்பு ரொட்டிக்கடைக்காரர், காரணம் பஞ்சம் வந்தால் தினம் இரண்டு ரொட்டி தருவார். மெழுகுவத்தி ஆறு டஜன், வாங்கியவர் மாடிவீட்டுக்காரர், காரணம் வெயில்ல சார்ஜ் ஏறும் விளக்கு ரெண்டு கொடுத்தார். பின்னறை ஒன்று, வாங்கியவர் மனைவி, காரணம் மூன்று வருஷமாகச் சொன்னது. சாவி ஒன்று, வாங்கியவர் மனைவி, காரணம் கிடங்குப் பொறுப்பும் சேர்த்து."

"இதெல்லாம் நான் போட்டதில்ல! கள்ளக் கையெழுத்து!"

வாத்தியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "முப்பது வருஷம் பசங்க போட்ட அப்பா கையெழுத்தைப் பிடிச்சவன் நான். இது அசல்."

வால் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைத்த நாற்பத்தேழு கையெழுத்துகள் அவரைப் பார்த்தன. ஸ்டோர்க்காரர் சாக்குகள்மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, மிஷினில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க, இதை ஏன் மூன்று வருஷம் தள்ளிப்போட்டோம் என்று மனசு உறுத்தியது. அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். வாத்தியார் இருந்ததால் வேறு ஒன்றைக் கேட்டார்.

"பிஸ்கட்டாவது இருக்கா?"

"நாப்பது பாக்கெட்டும் அப்படியே இருக்கு. உங்களுக்குன்னு யாருக்கும் தரல."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையை நீட்டினார். அந்தக் கையில் அவள் சீட்டுப் புத்தகத்தை வைத்தாள். வேறு வழியில்லை. பிஸ்கட் ஒரு பாக்கெட், காரணம் பசி, வாங்குபவர் கணவர் என்று எழுதிக் கொடுத்தார். அவள் மிஷினை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். பிறகு சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடலீங்க."