தங்கப்பழத்தின் ஒரு சுற்று

ஒரு காட்டில் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. சுனைக்கரையில் இருந்த ஒரு குகை மட்டும்தான் குளிர்ச்சியாக மிச்சம். அந்தக் காலமாக இருந்தால் அடித்துக் கடித்து யாருக்கு என்று முடிவு செய்திருப்பார்கள். இப்போதுதான் நாகரிகம் வந்துவிட்டதே, கார்ப் பந்தயம் வைத்தார்கள். ஜெயித்தவருக்குக் குகை.

புள்ளிமான் தங்கப்பழத்துக்கு அந்தக் குகை கிடைத்தே ஆக வேண்டும். அவன் மனைவி பேச்சித்தாய்க்கு நிறைமாதம். முட்புதரில் பிள்ளை பெற்றால் வெயிலே குட்டியைக் கொன்றுவிடும் என்று அவனுக்கு ஒரே பயம். பாவம், சோறு தண்ணி இறங்கவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் தேர்வுச் சுற்று. ஒவ்வொருவரும் தனியாக ஒரே ஒரு சுற்று ஓட்ட வேண்டும். யார் வேகமோ அவர் மறுநாள் எல்லாருக்கும் முன்னால் நின்று கிளம்பலாம். மற்றபடி அதற்குப் பரிசு எதுவும் இல்லை. தலைமை தாங்க யானையார் வந்திருந்தார். அவர் வந்து உட்கார்ந்தால்தான் அந்தக் காட்டில் எதுவுமே தொடங்கும்.

தங்கப்பழம் விவரமானவன். டேங்கில் ஒரு சுற்றுக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் ஊற்றினான். ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற மெத்தென்ற புது டயரை மாட்டினான். இன்ஜினை எவ்வளவு முறுக்க முடியுமோ அவ்வளவும் முறுக்கினான். பாதையிலோ ஈ காக்காய் இல்லை. ஆத்தாடி, என்ன வேகம்! யானையார் தும்பிக்கையைத் தூக்கி, "இவன்தாய்யா ஓட்டக்காரன்!" என்று சொல்லி, கையோடு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்.

காட்டுப்பன்றி சுடலைமுத்து வேகத்தில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். டேங்க் நிறைய பெட்ரோல், கட்டாந்தரை மாதிரி கெட்டியான, சீக்கிரம் தேயாத டயர். "நாளைக்கு ஓட்டப்போற மாதிரி இன்னைக்கு ஓட்டிப் பார்த்தேன்வே" என்றான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் பந்தயம். பொழுது சாயும்வரை ஓட்ட வேண்டும். நடுவில் டயர் மாற்றலாம், பெட்ரோல் ஊற்றக் கூடாது. யானையார் கொடியை அசைத்தார். நரி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போக வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டார்.

தங்கப்பழம் காதில் போனை மாட்டியிருந்தான். மறுமுனையில், பாதையோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பேச்சித்தாய்.

"ஏங்க, வண்டி இப்படி ஊருதே, நேத்து ஓட்டினது நீங்கதானா?"

"ஏட்டி, நேத்து டேங்க் காலி. இன்னைக்கு உன்னை மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டுல்லா போகுது!"

"இன்ஜினை நேத்து மாதிரி முறுக்க வேண்டியதுதானே?"

"முறுக்கினா அடுத்த வளைவுலேயே வெடிச்சிரும். சாயங்காலம்வரைக்கும் உசிரோட இருக்கணும்லா!"

கொஞ்ச நேரத்தில் மெத்தென்ற டயர் பிய்ந்து தொங்கியது. இறங்கி மாற்றிக்கொண்டு வருவதற்குள் சுடலைமுத்து முன்னால் போய்விட்டான்.

"அந்தப் பன்னியை முந்துங்க!"

"பக்கத்துல போனாலே வண்டி வழுக்குது, பேச்சி. வளைவுல நம்ம வண்டியைத் தரையோட அமுக்கிப் பிடிக்கிறதே காத்துதான். முன்னால போற அவன் வண்டி அதைக் கலைச்சு விட்டுருது. நான் என்னத்தைச் செய்ய?"

"நேத்து காத்து நல்லாத்தானே இருந்தது?"

"நேத்து முன்னால எவன் போனான்?"

பொழுது சாய்ந்தது. சுடலைமுத்து முதலாவது, தங்கப்பழம் நாலாவது. வண்டியை விட்டு இறங்கி, பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது விருந்துச் சாப்பாட்டு ஏப்பத்தோடு யானையார் பரிசு கொடுக்க வந்துசேர்ந்தார். "எங்கய்யா நம்ம தங்கப்பழம்? குகையை வாங்கிக்கோ" என்றார்.

சுடலைமுத்து முன்னால் வந்தான். "ஐயா, ஜெயிச்சது நான்."

"நேத்து கடைசிக்கு முந்தி வந்தவன் நீதானே?"

"ஆமாங்கய்யா."

"வண்டி மாறிச்சா? பாதை மாறிச்சா? ஓட்டினவன் மாறினானா?"

"இல்லைங்கய்யா. ஆனா பெட்ரோல் கனம், டயர் தேய்மானம், காத்து..."

"ஒரே நாள்ல இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. வண்டியைப் பிரிங்கய்யா!"

குரங்குகள் பாய்ந்து வண்டியைப் பிரித்துப் போட்டன. தங்கப்பழத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். பேச்சித்தாய் அவன் காதோரமாக, "ஏங்க, நீங்க பேசினா நான் இங்கேயே பெத்துருவேன்" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

குட்டி குகையிலேயே சுகமாகப் பிறந்தது. சில நாள் கழித்துச் சுடலைமுத்து சுனைக்குத் தண்ணீர் குடிக்க வந்தான். தங்கப்பழத்துக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. "அடுத்த வருஷம் ஜெயிச்சிருவீங்கண்ணே" என்று எதையோ சொல்லி வைத்தான்.

சுடலைமுத்து வாயைத் துடைத்துக்கொண்டான். "அடுத்த வருஷம் ஒரே ஒரு சுற்றுதான்வே ஓட்டுவேன். அதுக்கு அப்புறம் நானும் யானையாரோட விருந்துக்குப் போயிருவேன்" என்றான்.

நீதி: நாள் முழுக்க நன்றாக ஓட்டுகிறவனுக்கு மூச்சு வாங்கும், பெரியவர் பார்க்கும்போது நன்றாக ஓட்டுகிறவனுக்கு வீடு கிடைக்கும். ஆகவே பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால், பெரியவர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று விசாரித்துக்கொள்க.