ஒரு தும்மலும் ஒரு முதுகுவலியும்

இந்த வெள்ளிக்கிழமை தன்தா ஊருக்குப் போவதில்லை என்று நஸ்மி திட்டவட்டமாக முடிவு செய்தார். முடிவு செய்த இடம் ஷுப்ரா பேட்டையில் ஒரு காப்பிக்கடை. வீட்டில் வைத்து எதையும் முடிவு செய்யும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

தன்தாவில் அவருடைய மனைவி தஹானியின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதே வெள்ளிக்கிழமை மாலை, பேட்டைத் தியேட்டரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் போடுகிறார்கள். படம் பெரிய விஷயமில்லை. நஸ்மி அதை மனப்பாடமாக ஒப்பிப்பார். ஆனால் அதில் ஹோட்டல் சர்வராக நடித்த பெரியவர் ஃபிக்ரி நேரில் வருகிறார். கதாநாயகன் காதலைச் சொல்ல வாயைத் திறக்கும்போது, பின்னால் சூப்போடு நிற்கும் ஃபிக்ரி ஒரு தும்மல் போடுவார். காதல் அங்கேயே நாசமாகும்.

அந்தத் தும்மல் நிஜமா, நடிப்பா? வருஷக்கணக்காக நஸ்மியும் முடிதிருத்தும் ஷவ்கியும் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். இடையில் காப்பிக்கடை கைமாறியது. சண்டை மட்டும் அதே கைகளில் இருந்தது.

“நிஜத் தும்மல்தான்யா. மூக்கு எப்படிச் சிவந்திருக்கு பாரு,” என்றார் நஸ்மி.

“கறுப்பு வெள்ளைப் படத்துல மூக்கு சிவந்ததை நீ எங்கே பார்த்தே?” என்றார் ஷவ்கி.

“ரசிகனுக்குத் தெரியும்.”

“எதுவோ, தும்மல்னா அது தும்மல். இப்ப டிவியில ஒருத்தன் தும்மினா, பின்னாடி நாலு பேர் சிரிக்கிற சத்தத்தையும் சேர்த்துப் போட்டுடறான். நாம சிரிக்கிற வேலையையும் அவனே பாத்துக்கறான். விடு, வெள்ளிக்கிழமை அவரையே கேட்டுடுவோம். இந்தா, உன் டிக்கெட். வீட்டுல விடுவாங்களா?”

“நான் யாரைக் கேக்கணும்?” நஸ்மி மார்பை நிமிர்த்தினார். நிமிர்த்தியபடியே குரலைத் தாழ்த்தினார். “என்ன சொல்லித் தப்பிக்கலாம்?”

ஷவ்கி ஹூக்கா குழாயை வாயிலிருந்து எடுத்தார். “அந்தக் கப்பல் படத்துல ஜுரம் வர்றதுக்கு அக்குள்ல வெங்காயம் வெச்சுக்குவானே?”

“வெங்காயம் குறைஞ்சா தஹானி கண்டுபிடிச்சுடுவா.”

“நெஞ்சுவலி?”

“ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவா.”

“அப்ப முதுகுதான். மாவு மில் படத்துல முதலாளி முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் படுப்பானே, பொண்டாட்டி தனியா ஊருக்குப் போவாளே. முதுகுவலியைப் பொய்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது.”

“சும்மா படுத்தா போதுமா?”

“படுத்தா போதாது. வீட்டையே படுத்தணும்.”

போர்க்களத்தில் முதுகு காட்டினால் கோழை. வீட்டில் முதுகைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நஸ்மி வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை, ஷூவை எடுக்கக் குனிந்தவர் “ஆ!” என்று கத்திவிட்டுக் குனிந்தபடியே நின்றார். தஹானி இஸ்திரிப் பெட்டியோடு எட்டிப்பார்த்தாள்.

“என்ன?”

“முதுகு.”

“அது எப்பவும் அங்கேதானே இருக்கு?”

“பிடிச்சுக்கிச்சு தஹானி. அசைய முடியல.” கட்டிலை நோக்கி நண்டு மாதிரி நகர்ந்தார். “நீ போயிட்டு வா. என்னைப் பத்திக் கவலைப்படாதே. உங்க அண்ணன் மனசு நோகக்கூடாது.”

தஹானி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். போனை எடுத்தாள்.

“அண்ணா, நஸ்மிக்கு முதுகு போயிடுச்சு. ஆமா, முழுசா. இந்த மனுஷனை இப்படியே போட்டுட்டு நான் எப்படி வர்றது? கொடுத்து வைக்கலைன்னு நெனச்சுக்கறேன். பொண்ணுக்கு என் முத்தம்.”

நஸ்மியின் முதுகுத்தண்டு உண்மையிலேயே சில்லிட்டது. மாவு மில் படத்தில் இப்படி ஒரு காட்சி இல்லை.

“நீ போகலையா?”

“உன்னை இந்த நிலைமையில விட்டுட்டா? நாலு பேர் என்ன பேசுவாங்க?”

பேச்சில் சோகம் இருந்தது. ஆனால் சமையலறைக்குள் போனதும் அவள் பாட்டு முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்புக்கு நடுவே, “அண்ணி ஊரைக் கூட்டி வெச்சு, ‘இன்னும் குண்டாயிட்டியே’ன்னு கேக்கறதுலேர்ந்து இந்த வருஷம் தப்பிச்சாச்சு” என்பதும் காதில் விழுந்தது.

உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். சூடு தாங்காமல் நஸ்மி அலறியதை, வலி குறையும் அறிகுறி என்றாள். மதியம் அரிசி அடைத்துப் பொரித்த புறாவின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. நஸ்மிக்குப் பருப்பு சூப் வந்தது.

“புறா?”

“முதுகுக்கு ஆகாது.”

மாலை நெருங்கியது. தஹானி அவருடைய கோட்டை உதறினாள். டிக்கெட் விழுந்தது.

“இது என்ன?”

“அதுவா? ஷவ்கி கொடுத்தாரு. சும்மா. நானே மறந்துட்டேன்.”

“இன்னிக்கு சாயங்காலம் போலிருக்கே.” கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் பஞ்சு போல இருந்தது. “எழுந்திருக்க முடியுமா நஸ்மி?”

நஸ்மி கணக்குப் போட்டார். முடியும் என்றால் தியேட்டர். ஆனால் காலையில் போன முதுகு சாயங்காலம் டிக்கெட்டைக் கண்டதும் எப்படித் திரும்பி வந்தது என்று தன்தா வரைக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

“முடியாது,” என்றார்.

“பாவம். அப்ப நான் போறேன்.”

“நீயா? உனக்குத்தான் பழைய படமே பிடிக்காதே?”

“பிடிக்கும். பக்கத்துல உக்காந்து நீ பேசினாத்தான் பிடிக்காது.”

நோயாளியைத் தனியாக விடக்கூடாதென்று கீழ்வீட்டிலிருந்து தன் மாமா பயூமியை வரவழைத்துவிட்டுப் புறப்பட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு இஸ்திரி போட்ட உடையைத்தான் உடுத்தியிருந்தாள்.

பயூமி மாமா நல்லவர். ஆனால் அவரோடு டிவி பார்க்க முடியாது. சிரிப்பு வருவதற்கு முன்பே அவர் அறிவித்துவிடுவார்.

“இப்ப பாரு, இவன் கதவைத் திறப்பான். மாமியார் நிப்பா. நின்னாளா? இப்ப தட்டு விழும். விழுந்துச்சா? எனக்கு முன்னாடியே தெரியும்.”

“மாமா, நானும் பாக்கறேன்.”

“பாரு, பாரு. சிரிக்காதே, முதுகு இழுத்துக்கும்.”

தியேட்டரில் இந்நேரம் தும்மல் வந்திருக்கும் என்று நஸ்மி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சுவரிலும் ஃபிக்ரி சூப்போடு நின்றார்.

தஹானி திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் சிரித்துக் களைத்திருந்தது. போனை நீட்டினாள். அதிலிருந்த போட்டோவில் பெரியவர் ஃபிக்ரி நடுவில். ஒரு பக்கம் ஷவ்கி. மறுபக்கம் தஹானி.

“தும்மல்…” நஸ்மி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “தும்மலைப் பத்திக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“எழுந்து நில்லு. சொல்றேன்.”

மானம் ஒரு பக்கம். தும்மல் ஒரு பக்கம். கொஞ்ச நேரம்தான் போராடினார். பிறகு போர்வையை உதறி எழுந்து, சிப்பாய் போல விறைப்பாக நின்றார்.

“எழுந்திருப்பான்னு எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றார் பயூமி மாமா.

“சொல்லு தஹானி!”

“‘எந்தத் தும்மல்?’னு கேட்டாரு.”

“என்னது?”

“அவருக்கு ஞாபகமே இல்லையாம். அந்தப் படத்துல நடிச்சதே போஸ்டரைப் பார்த்தப்புறம்தான் நெனப்பு வந்துச்சாம்.”

நஸ்மி கட்டிலில் சரிந்தார். இப்போது முதுகு நிஜமாகவே வலித்தது.

“ஆனா அது நடிப்புதான்,” என்றாள் தஹானி, தோட்டைக் கழற்றிக்கொண்டே. “தும்மலுக்கு முன்னாடியே கதாநாயகன் தொப்பியைக் கையால அமுக்கிக்கறான். பின்னாடி நிக்கிறவருக்குத் தும்மல் வரப்போறது இவனுக்கு எப்படித் தெரியும்? ஷவ்கிகிட்ட சொன்னேன். தியேட்டர்லயே எழுந்து நின்னு கைதட்டினாரு.”

இத்தனை வருஷமும் நஸ்மி மூக்கை மட்டுமே பார்த்திருந்தார்.

“வர்ற வியாழக்கிழமை காப்பிக்கடைக்கு வரச் சொன்னாரு ஷவ்கி. நிறையப் பேசணுமாம்.”

நஸ்மிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நண்பன் என்றால் இவன்தான். “வரேன்னு சொல்லிடு.”

“உன்னை இல்ல,” என்றாள் தஹானி.